கம்பெனி குக்கரைத் திரும்பக் கேட்கிறது: காயம் பட்டவர் என்ன செய்ய?

தக்கலைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளியிருக்கும் மைனிக்கு (அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. காலைப் புட்டுக்குச் சிறுபயறு வேகவைத்தபோது குக்கர் மூடி ஆவியோடு கழன்று எகிறியதில் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் இரண்டு மாதம் கையைத் தூக்கிக் கொடியில் துணி போடக்கூட முடியவில்லை. நான்கு மாதம் கழித்து அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த மாடல் குக்கர்களைக் கம்பெனி திரும்பப் பெறுகிறதாம், வாங்கிய கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாமாம். மறுநாள் காலையில் குக்கரைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

“மைனி, அதைக் கொடுத்திராதீங்க” என்றேன்.

“புதுசு தாரேன்னு சொல்லுகான்லா, பின்ன என்ன?”

நான் வக்கீல் இல்லை. நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் பல வருடமாகக் குமாஸ்தா. நுகர்வோர் வழக்குக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி விஷயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அன்று பஸ் வருவதற்குள் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

விற்று முடித்த பொருளில் ஆபத்தான குறை இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்று தெரிந்த பிறகு, அதைக் கடைகளிலிருந்தும் வாங்கியவர்களிடமிருந்தும் திரும்ப எடுப்பதைத்தான் ரீகால் என்கிறோம். பத்திரிகைகளில் ‘திரும்பப் பெறுதல்’ என்று வரும். மாற்றித் தருவார்கள், பழுது பார்த்துத் தருவார்கள், சில சமயம் பணத்தையே திருப்பிக் கொடுப்பார்கள். கம்பெனி தானாக முன்வந்து செய்வதும் உண்டு, அரசு உத்தரவிட்டுச் செய்ய வைப்பதும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு இருக்கிறது. உணவுக்கு 2017இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரைப் பொருள் தரத்தில் சரியில்லை என்றால் 2016ஆம் ஆண்டு தரநிர்ணயச் சட்டத்தின்படி திரும்பப் பெறச் சொல்லலாம்.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். வீட்டு உபயோகக் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதை மீறி இணையத்தில் குக்கர் விற்க இடம் கொடுத்த பெரிய நிறுவனங்கள் மீது 2022இல் மத்திய ஆணையம் உத்தரவு போட்டது. ஒரு நிறுவனத்துக்கு வந்த உத்தரவில் இருந்த கணக்கு 2,265 குக்கர். வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்ல வேண்டும், குக்கரைத் திரும்ப எடுக்க வேண்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும். கவனித்தீர்களா, அதில் யாருடைய கை வெந்தது என்ற பேச்சே இல்லை. ரீகால் என்பது பொருளைப் பற்றிய நடவடிக்கை. அந்தப் பொருளால் அடிபட்ட ஆளின் இழப்பீடு தனிக் கணக்கு, அதைக் கேட்கப் போகும் இடமும் வேறு.

சட்டமே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2019 சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், குறையுள்ள பொருளால் வரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று சொல்கின்றன. அங்கே ‘தீங்கு’ என்றால் உடல் காயம், நோய், மரணம், காயத்தோடு வந்த மன உளைச்சல், மற்ற சொத்துக்கு வந்த சேதம். அந்தப் பொருளே கெட்டுப்போனது இதில் சேராது. ஆகவே புதுக் குக்கர் என்பது பழைய குக்கருக்கு ஈடு. மைனியின் கைக்கு அது ஈடாகாது.

சரி, ரீகால் வந்தது மைனிக்கு உதவியா, உபத்திரவமா? உதவிதான், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி தயாரித்தவரைப் பொறுப்பாக்க ஐந்து வழிகள் உண்டு. செய்யும்போது வந்த குறை, வடிவமைப்பிலேயே இருந்த குறை, தயாரிப்புக்கென்று வகுத்த அளவுகளிலிருந்து விலகியது, எழுதிக் கொடுத்த உறுதிமொழிக்கு ஒத்துவராதது, சரியான உபயோகக் குறிப்போ எச்சரிக்கையோ கொடுக்காதது. கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால்தான் காயம் வந்தது, இந்த இரண்டும் போதும். ரீகால் அறிவிப்பு முதல் பாதிக்குக் கை கொடுக்கும். “எங்கள் குக்கரில் அப்படி ஒரு குறையே கிடையாது” என்று கம்பெனி அதற்கப்புறம் வாய் கூசாமல் சொல்ல முடியாது. இரண்டாம் பாதியை நாம்தான் சுமக்க வேண்டும்.

இங்கேதான் வழக்குகள் சறுக்குகின்றன. மைனிக்கு வந்த அறிவிப்பு மூடியின் பூட்டுப் பகுதியைப் பற்றியது. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடி கழன்றுவிடக்கூடும் என்கிறது. நடந்ததும் அதுவே என்றால் நல்லது. ஆனால் கம்பெனித் தரப்பு என்ன கேட்கும் என்று எங்கள் ஆபீஸ் பையனுக்குக்கூடத் தெரியும். பயற்றுத் தோல் போய் வெயிட் உட்காரும் குழாயை அடைத்துக்கொண்டதா? சேஃப்டி வால்வு உருகிப்போன பிறகு ஐந்து ரூபாய் மாற்று வால்வு போட்டீர்களா? கேஸ்கட் ஒரிஜினலா? ஆவி அடங்குமுன் மூடியைத் திருகினீர்களா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், “நாங்கள் ரீகால் செய்த குறை வேறு, இந்த விபத்துக்குக் காரணம் வேறு” என்பார்கள். அது சில நேரம் நியாயமான வாதமும்கூட.

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் குக்கர். பூட்டுப் பல் தேய்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, வால்வு முழுசாக இருக்கிறதா, குழாயில் அடைப்பு உண்டா, எல்லாம் அந்த அலுமினியத்தில் எழுதியிருக்கிறது. ரீகாலில் கொடுத்துவிட்டால் அது ஆயிரம் குக்கரோடு சேர்ந்து உருக்கப் போய்விடும். அப்புறம் நம்மிடம் இருப்பது தழும்பும் ஒரு குறுஞ்செய்தியும்தான். காயம் படாதவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். காயம் பட்டவர் கொடுக்கக் கூடாது. கம்பெனி ஆள் பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்து நம் முன்னால் பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும்.

வழக்கு என்று வந்தால் குறையைக் கண்டுபிடிக்க, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையமே (ரீகாலுக்கு உத்தரவிடும் மத்திய ஆணையம் வேறு) பொருளை வாங்கி, முத்திரை வைத்து, உரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். 38ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அறிக்கைக்கு 45 நாள் கெடு. பரிசோதனைக் கட்டணத்தை முதலில் மனுதாரர் கட்ட வேண்டியிருக்கும். அனுப்புவதற்குப் பொருள் கையில் இருந்தால்தானே இதெல்லாம்.

கழுவக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் வெடித்த குக்கரையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். மைனியும் தேய்த்துத்தான் வைத்திருந்தார். நல்லவேளையாக மூடியை அதன் மேல் உள்ள கோபத்தில் தொடவே இல்லை. காய்ந்த பயறு ஒட்டியபடியே கொல்லைப்புறத்தில் கிடந்தது.

குக்கரின் அடியில் மாடல், பேட்ச் நம்பர், தயாரித்த மாதம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் ஆகியவை இருக்கும். அந்த எண்கள் ரீகால் பட்டியலுக்குள் வருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து பேட்ச் வேறாக இருந்தால் அறிவிப்பால் பெரிய பயன் இல்லை. அப்புறம் பில். இப்போது கடைகளில் கொடுக்கிற பில் ஆறு மாதத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். மைனியிடம் இருந்த பில்லில் கடைப் பெயரின் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். கடைக்காரர் நல்ல மனுஷன், கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தார். எல்லாக் கடையிலும் அது நடக்காது. வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். மைனியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் வெந்த காயம் என்று மட்டும் இருந்தது. சோற்றுக் கஞ்சி கொட்டினாலும் அதே வார்த்தைதான் எழுதுவார்கள். சேர்க்கும்போதே “குக்கர் மூடி கழன்று வந்தது” என்று டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் விபத்துப் பதிவேட்டின் நகலை, ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள், கேட்டு வாங்கி வைக்கலாம். மைனிக்கு அதில் காரணம் சரியாகப் பதிவாகியிருந்தது. தப்பித்தோம்.

இனி ரீகாலின் தேதி. இதை மூன்று விதமாகப் பார்க்கலாம். மைனிக்கு நடந்ததுபோல விபத்துக்குப் பிறகு ரீகால் வந்தால், அந்தப் பேட்ச்சில் குறை முன்பே இருந்தது என்று வாதாட அது துணை. வேறு புகார்கள் எப்போது வந்தன, கம்பெனிக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் எத்தனை மாதம் விற்றார்கள் என்ற கேள்விகளுக்கும் வாசல் திறக்கும். ரீகால் வந்த பிறகு விபத்து, ஆனால் நமக்குத் தகவலே வரவில்லை என்றால், எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது கேள்வியாகும். எங்கோ ஒரு இணையதளத்தின் மூலையில் போட்டுவிட்டு “அறிவித்துவிட்டோம்” என்று சொல்வது அவ்வளவு எளிதில் எடுபடாது. மூன்றாவதுதான் வம்பு. தகவல் வந்தது, படித்தோம், “பார்க்கலாம்” என்று அதையே அடுப்பில் வைத்தோம், அடிபட்டோம். அப்போது எதிர்த்தரப்பு, ஆபத்து தெரிந்தேதான் உபயோகித்தார் என்று பிடித்துக்கொள்ளும். வழக்கு அதோடு முடிந்துவிடாது, ஆனால் நொண்டியடிக்கும்.

வண்டிகளில் இந்தத் தகவல் விஷயம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு தனித் தலைவலி. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஓடுகிற செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் கேரளா நம்பர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ரீகால் கடிதம் கம்பெனியிடம் இருக்கும் விலாசத்துக்குப் போகும், அது பெரும்பாலும் முதல் சொந்தக்காரருடையது. அவர் நெய்யாற்றின்கரையில் அதைப் படித்துவிட்டுக் குப்பையில் போட்டிருப்பார். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பல கம்பெனிகளின் வண்டிக்குப் பார்க்க முடியும். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றும் வாரத்திலேயே இதையும் செய்துவிடலாம். 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொன்னால் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக்குப் போகும், அடிபட்டவருக்கு வராது.

மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த 2022 ஏப்ரலில் மூன்று கம்பெனிகள் சேர்ந்து 6,600க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெற்றன. பேட்டரிப் பொருள் என்றால் நான் மேலே சொன்ன ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற யோசனைக்கு ஒரு திருத்தம்: வீட்டுக்குள் வைக்காதீர்கள். ஆதாரத்தைக் காப்பாற்றப் போய் வீட்டைக் கொளுத்திக்கொள்ள வேண்டாம். படம் எடுத்து, வெளியே தனியாக, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைக்கவும்.

ரீகால் நடந்தாலே குறை உறுதி என்று நினைக்க முடியாது என்பதற்கு மேகி நூடுல்ஸ் கதை போதும். 2015 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டு நாடு முழுக்கக் கடைகளிலிருந்து அள்ளினார்கள். ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கம்பெனித் தரப்பைச் சரியாகக் கேட்கவில்லை, பரிசோதித்த கூடங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பவை காரணங்கள். மத்திய அரசு சுமார் 640 கோடி ரூபாய் கேட்டுப் போட்ட மனுவையும் 2024 ஏப்ரலில் தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளிவிட்டது. நாடே பேசிய ரீகாலுக்கு இந்தக் கதி என்றால், ஒரு அறிவிப்பை மட்டும் நீட்டி இழப்பீடு வாங்கிவிடலாம் என்று நம்ப முடியுமா?

மறுபக்கம் இடுப்பு மூட்டு விவகாரம். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெபியூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். செயற்கை மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. உடம்புக்குள் இருக்கும் பொருளை எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது? அரசு அமைத்த நிபுணர் குழு ஆளுக்குக் குறைந்தது 20 லட்சம் என்றது. 2018இல் வந்த கணக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை போனது. ரீகாலுக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே எட்டு வருடம்.

ரீகாலே வராவிட்டால்? வழக்குப் போட அது தேவையே இல்லை. ஹூண்டாய் கார் வழக்கு ஒன்றில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். விபத்தில் முன் ஏர்பேக் விரியவில்லை. வாங்கியவர் பெரிய இயற்பியல் கணக்கெல்லாம் போட்டு வண்டி எந்த வேகத்தில் எந்த விசையில் மோதியது என்று காட்ட வேண்டியதில்லை என்று சொல்லி, காரை மாற்றித் தரவும் 3 லட்சம் ரூபாய் கொடுக்கவும் கீழே போட்ட உத்தரவை நிலைநிறுத்தியது. அந்த வழக்கில் இன்னொரு விஷயமும் தெளிவானது. புகார் கொடுக்க இரண்டு வருடம் என்பது 69ஆம் பிரிவு. ஏர்பேக் மாதிரியான பாதுகாப்பு அம்சத்தில் அந்த இரண்டு வருடம் கார் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, குறை வெளிப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். அதே கணக்கு நமக்கும். விபத்து நடந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ரீகால் குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுதான். அதை நம்பி உட்கார வேண்டாம்.

யார் மேல் போடுவது? தயாரித்தவர் மேல். கடைக்காரரை இழுப்பதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் கிடையாது, 86ஆம் பிரிவும் எல்லாக் கடைக்காரரையும் மாட்டிவிடுவதில்லை. பொருளில் அவர் மாற்றம் செய்திருந்தால், தனியாக உத்தரவாதம் கொடுத்திருந்தால், கம்பெனியின் எச்சரிக்கையை நமக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை, அல்லது இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்படாத வெளிநாட்டுக்காரர் என்றாலும் விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். பேரே இல்லாத பவர் பேங்க், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் துபாயிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மிக்ஸி என்றால் கதை சிக்கல். அங்கே விற்றவர் இங்கே இல்லை, இங்கே யாரும் விற்கவில்லை. அந்த நாட்டு ரீகால் பட்டியலில் பெயர் இருந்தால் பேசாமல் உபயோகத்தை நிறுத்திவிடுவது நல்லது.

பில் மகன் பெயரில், அடிபட்டது அம்மா என்றாலும் பரவாயில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு உபயோகிப்பவரும் நுகர்வோர்தான். தொழிலுக்கு வாங்கியது என்றால் வேறு. ஆனால் குளச்சலில் ஒற்றை வள்ளத்தில் தானே தொழிலுக்குப் போகிற ஒருவர் வாங்கிய எஞ்சின், சுய உழைப்புப் பிழைப்புக்கானது என்பதால் நுகர்வோர் கணக்கில் வரும். முந்திரி ஆலை மெஷினில் கை போன தொழிலாளிக்கு வழி வேறு. அவருக்கு முன்பு 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. உணவால் கேடு வந்தால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவைப் பாருங்கள். மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் நாகர்கோவிலில் இருக்கிறது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையம். இதில் ஒரு நல்ல விஷயம், கணக்கு நாம் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை. 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டாயிரம் ரூபாய்க் குக்கருக்குப் பத்து லட்சம் கேட்டாலும் கட்டணம் பூஜ்யம். வக்கீல் கட்டாயமில்லை. (எங்கள் வக்கீல் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.) மனுவை இணையத்தில் ஈ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1915க்குப் போன் செய்து கேளுங்கள். முதலில் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஒட்டி வைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

கம்பெனி சில நேரம் சீக்கிரமே வழிக்கு வரும். புதுக் குக்கரும் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். “முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கடைசி வரியில் இருக்கும். குக்கருக்கான ரசீதில் கைக்கான உரிமையும் போய்விடும். அந்த வரியை அடித்துவிட்டு, “குக்கரின் விலைக்கு மட்டும்” என்று எழுதித் தரச் சம்மதித்தால் கையெழுத்துப் போடலாம். சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மைனியிடம் அந்தத் தாளை நீட்டினார்கள். அவர் கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த யோசனை என்னுடையது இல்லை, அவருடையது.

குக்கர் இப்போது அவர் வீட்டுப் பரணில், பழைய வேட்டியில் சுற்றி, அரிசிச் சாக்குக்குள் இருக்கிறது. மூடி தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில், பயற்றோடு. போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது கூப்பிட்டுக் கேட்டார், “இன்னும் எத்தன நாளைக்கு இந்தப் பீடையை வச்சிருக்கணும்?”

“ஆணையத்துலயிருந்து கேக்க வரைக்கும் மைனி” என்றேன். வெள்ளையடித்தவனிடம் அந்த மூலையை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.